அசல் சாருக்கு ஒரு நகல்

பெரிய மனிதர்கள் பிறக்கும்போது மழை கொட்டும், அல்லது வானத்தில் ஏதாவது ஒன்று மின்னும். நகலக்கா பிறந்த அன்று மழையும் இல்லை, வெயிலும் சுமார்தான். பெயரைப் பதிய மூன்று நாள் கழித்து ஆள் போனதால் பிறந்த தேதியே ஏட்டில் மூன்று நாள் தள்ளி விழுந்துவிட்டது. அன்று பிடித்த தாமதம் நாற்பத்து மூன்று வயதுவரை அவரை விடவில்லை. பள்ளி, வேலை, பதவி உயர்வு, கல்யாணம் என்று எதுவும் உரிய நேரத்தில் அவரிடம் வந்து சேர்ந்ததில்லை. பேருந்து மட்டும் விதிவிலக்கு. ஏனென்றால் பேருந்துகளை நேரத்துக்கு அனுப்பிவைத்ததே அவர்தான்.

நகரப் பேருந்து டிப்போவில் டியூட்டி பிரிவு அவருடைய இடம். எந்த ஓட்டுநர் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், கூட எந்த நடத்துநர் போக வேண்டும் என்று வாரா வாரம் பட்டியல் போடும் பிரிவு. ஒர்க்‌ஷாப்புக்கு மேலே முதல் மாடியில் ஓர் அறை. கீழே இன்ஜினைக் கிளப்பினால் மேலே மேசையில் டீ கிளாஸ் தானாக நகரும். பழைய ஆட்கள் அது நகரும் வேகத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார்கள். அறையின் மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு கேபின். அதற்குள் டியூட்டி ஆபீசர். அவரிடம் பிறகு வருவோம். வராமல் எங்கே போவது? இந்தக் கதையில் அடி வாங்கப்போகிறவர் அவர்தான்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு பட்டியல் போட முழுசாக இரண்டு நாள் பிடிக்கும். கார்பன் தாள், ஸ்கேல், பொறுமை எல்லாம் வேண்டும். பிறகு டிப்போவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பொருத்திக் கொடுத்த கம்பெனிக்காரர் மூன்று நாள் பாடம் நடத்தினார். முன் நாற்காலியில் டியூட்டி ஆபீசர், திறந்த நோட்டுடன். இரண்டாவது மணி நேரத்தில் அவர் கையிலிருந்து பேனா விழுந்தது. இமையும் விழுந்தது. பின்னால் குறிப்பெடுக்க நின்ற அக்காவுக்கு மட்டும் முழுப் பாடமும் காதில் விழுந்தது.

பாடம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் இருப்பது அட்டவணை. அட்டவணையில் ஒரு வரிசைக்கு ஓர் ஆள், அல்லது ஒரு டியூட்டி. 'செலக்ட்' என்று எழுதினால் வரிசைகளைப் பார்க்கலாம். அதற்கு முன்னால் 'இன்சர்ட்' என்று எழுதினால், பார்த்ததெல்லாம் இன்னொரு முறை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்று இரண்டாகும். நடுவில் ஒரே ஒரு சூட்சுமம். முதல் கட்டத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நகல் எடுக்கக் கூடாது. எடுத்தால், 'இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்' என்று அட்டவணை சண்டைக்கு வரும். எண்ணை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்தால், புதுசாக வந்தவருக்கு அதுவே மரியாதையாக ஓர் எண்ணைக் கொடுத்து உட்காரவைக்கும்.

இரண்டு நாள் வேலை இரண்டு நிமிஷ வேலையாகிவிட்டது. சனிக்கிழமை காலை, போன வாரத்து இரண்டாயிரத்து எழுநூற்று இரண்டு டியூட்டி வரிசைகளையும் ஒரே கட்டளையில் நகல் எடுத்து, தேதியை மட்டும் ஏழு நாள் தள்ளிவிடுவார் அக்கா. ஓட்டுநர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "நகல் ஆயிடுச்சாக்கா?" என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

டியூட்டி ஆபீசருக்கும் ஊழியர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அசல் சார். எதைக் கொண்டுபோனாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை, "அசல் எங்கே?" காய்ச்சல் என்று மருத்துவர் சீட்டு கொடுத்தால் அசல் கேட்பார். ஒரு நடத்துநரின் மாமனார் இறந்தபோது தந்த சான்றிதழ் நகல் என்று அதைத் திருப்பி அனுப்பியவர் அவர். "அப்ப மாமனாரையே கொண்டாறேன் சார், அவரு அசல்தான்" என்று அந்த நடத்துநர் சொன்னதும், அதற்கு அவர் வாங்கிய மெமோவும் டிப்போ வரலாற்றில் இருக்கின்றன. அந்த நடத்துநருக்கு விசில் என்று பெயர். வாயை மூட மாட்டார் என்பதால்.

அசல் மேல் இத்தனை பக்தி உள்ளவர், நகலக்காவின் நகல் வேலையை மட்டும் கூச்சமில்லாமல் தன் அசலாக்கிக்கொண்டார். 'டியூட்டிப் பட்டியலைக் கணினிமயமாக்கிய சாதனைக்கு' என்று தலைமை அலுவலகம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தது. மரத்தில் பித்தளை பதித்தது. அது கேபினில், கண்ணாடித் தடுப்பை ஒட்டி, அக்காவின் முகத்துக்கு நேராக வைக்கப்பட்டது. தினமும் அக்காதான் அதைத் துடைக்க வேண்டும்.

அக்கா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அடுத்து ஒரு மெமோ வந்தது. காலில் கட்டுப் போட்ட ஓர் ஓட்டுநரின் டியூட்டியை நகல் எடுக்காமல் அக்காவாகவே விட்டுவிட்டிருந்தார். அதற்கு எழுத்தில் பதில்: 'போன வாரத்தில் உள்ளதை உள்ளபடி நகல் எடுப்பது மட்டுமே உங்கள் பணி. சொந்த மூளையைப் பயன்படுத்த வேண்டாம்.' மெமோவை அக்கா பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட காகிதங்களைப் பெண்கள் கைப்பையில் வைத்துக்கொண்டால், எழுதியவர் கொஞ்சம் கவலைப்படுவது நல்லது.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை வருகிறார்.

தலைமை அலுவலகத்துக்கு ஒரு கோப்பு கொடுக்கப் போனபோது லிப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அக்கா மட்டும். வெளியே லிப்ட் மெக்கானிக். நாற்பது நிமிஷம் கதவின் இடுக்கு வழியாக அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"பயப்படாதீங்க. கயிறு புதுசு."

"நான் பயப்படலை. ரொம்ப நாள் கழிச்சு இப்பதான் நிம்மதியா உக்காந்திருக்கேன்."

"அப்ப மெதுவாவே திறக்கட்டுமா?"

வேலை மேலும் கீழும் போய்வருவது என்றாலும் ஆள் நிலையானவர். நாற்பத்தாறு வயது. அவருக்கும் எல்லாம் தாமதமாகவே வந்திருந்தது. இருவரும் பேசி முடிவெடுத்துத் திருமணப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்த நோட்டீஸ் மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. முதலிலிருந்து தொடங்க மெக்கானிக்குக்கு வழி இல்லை. நான்காம் மாதம் அவருடைய கம்பெனி அவரை வேறு ஊரில் ஒரு கட்டட வேலைக்கு இரண்டு வருஷம் அனுப்புகிறது. மனைவி என்றால் கூட்டிப்போகலாம். நோட்டீஸ் கொடுத்த பெண் என்றால் கூட்டிப்போக முடியாது.

ஆக, அக்காவுக்கு வேண்டியது லீவு. பத்தே நாள்.

முதல் விண்ணப்பத்தோடு திருமண நோட்டீஸின் நகலை இணைத்திருந்தார்.

"அசல் எங்கே?"

"அது பதிவு ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கு சார்."

"பிச்சு எடுத்துட்டு வாம்மா."

கல்யாணத்துக்குக் குறித்த முதல் தேதி போனது. இரண்டாவது விண்ணப்பத்துக்கு, பதிவாளரிடம் கெஞ்சி முத்திரையுடன் ஓர் அசல் வாங்கிக்கொண்டு போனார். சார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், அசல்தான் என்று திருப்தியடைந்தார், கீழே வைத்தார்.

"ஆள் இல்லை."

"சார்?"

"ஆள் இல்லைம்மா. உன் இடத்துக்குப் பதிலாள் யாரு? பாரம்ல பாரு, பதிலாள்னு கட்டம் இருக்கு, காலியா இருக்கு. உன்னை மாதிரியே இன்னொரு ஆளைக் கொண்டாந்து நிறுத்து, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

இரண்டாவது தேதியும் போனது. நாத்தனாராக வரவிருந்தவர், அதாவது மெக்கானிக்கின் அக்கா, போனில் கேட்டார்: "ஏம்மா, உனக்கு ஏற்கெனவே அந்த ஆபீசோட கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிருந்தா சொல்லிடு. தம்பி ஒரு தடவைதான் ஏமாறுவான்."

மூன்றாவது தேதிதான் கடைசி. நோட்டீஸ் செத்துப்போவதற்கு ஒரு நாள் முன்னால் வரும் வெள்ளிக்கிழமை. அதற்கு ஐந்து வாரம் இருக்கும்போதே மூன்றாவது விண்ணப்பத்தோடு போனார். சார் பாரத்தைத் தொடவே இல்லை. டீயை உறிஞ்சிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற ஓட்டுநர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"நாப்பத்து மூணு வருஷம் பொறுத்த ஆளு நீ. இன்னொரு மூணு மாசம் பொறுக்க மாட்டியா? அப்படி என்னம்மா அவசரம்?"

ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். விசில் மட்டும், ஆச்சரியமாக, வாயை மூடிக்கொண்டு நின்றார்.

பொறுத்தார் பூமியாள்வார், பொங்கினார் காடாள்வார் என்பது பழமொழி. நாற்பத்து மூன்று வருஷம் பொறுத்தும் அக்காவுக்கு வந்து சேர்ந்த பூமி, ஒரு மேசையும் அதன் அடியில் கால் நீட்ட முடியாத இடமும்தான். சரி, காடு யாருக்கு என்று பார்த்துவிடுவோம் என்று அவர் முடிவு செய்தது அன்று காலை பதினோரு மணிக்கு. கேடயத்தை மறுபடி ஒருமுறை துடைத்தார். மெதுவாக, கவனமாக, கழுத்தைத் திருகுவதுபோல.

முதலில் தோன்றியது தன்னையே நகல் எடுப்பது. 'உன்னை மாதிரியே இன்னொரு ஆள்' என்றுதானே கேட்டார்? ஊழியர் அட்டவணையில் தன் வரிசையைத் தேடி எடுத்துக்கூட வைத்துவிட்டார். பிறகு அவருக்கே பாவமாக இருந்தது. நான் ஒருத்தி இங்கே படுகிற பாடு போதாதா, இன்னொருத்தியையும் கொண்டுவந்து இவரிடம் விடவா?

இவருக்கே இன்னொரு இவரைக் கொண்டுவந்து விடலாமே.

தீமை செய்யும்போதும் அக்கா முறையாகச் செய்பவர். முதலில், எதற்கும் கையிருப்பாக இருக்கட்டும் என்று ஊழியர் அட்டவணை முழுவதையும் தனியாக ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்தார். அது பத்தொன்பது வருஷப் பழக்கம். கார்பன் தாள் காலத்திலேயே அடிப்பிரதி இல்லாமல் எதையும் தொட மாட்டார். அதன்பின் ஒரே வரி எழுதினார். எண் பதினாலை உடைய சாரை எடு, எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடு, அதே அட்டவணையில் மறுபடி போடு. என்டர் விசை. 'ஒரு வரிசை சேர்க்கப்பட்டது' என்றது திரை.

அதே பெயர். அதே பதவி. அதே பிறந்த தேதி, ரத்த வகை, சான்றிதழ் எண்கள். எண் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு. டிப்போவில் இப்போது அசல் சார்கள் இருவர். உலகம் அதைத் தாங்குமா என்ற கேள்வியை அக்கா உலகத்திடமே விட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமைதோறும் ஆள் எண்ணும். ஒரு டிப்போவுக்கு ஒரு டியூட்டி ஆபீசர் என்பது விதி. இருவர் இருந்தால் ஒருவர் மிகை. மிகையானவரை ஆள் இல்லாத டிப்போவுக்கு மாற்ற வேண்டும். இருவரில் யார் இளையவர்? சேர்ந்த தேதி ஒன்றாக இருந்தால் பெரிய எண்ணை உடையவர். எண் அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஊரின் எல்லைக்கு அப்பால், சுற்றுச்சுவர்கூட எழும்பாத புது டிப்போவுக்கு. எல்லோரும் அதைக் காட்டு டிப்போ என்பார்கள். 'வாலாட்டினா காட்டுக்குத் தூக்கிடுவேன்' என்று அசல் சார் இதுவரை பதினோரு பேரை மிரட்டியிருந்தார். பழமொழி தன் வேலையைச் சரியாகவே செய்தது. காடு வந்துவிட்டது. கொஞ்சம் முகவரி மாறி.

முதலில் அவர் சிரித்தார். "பாரும்மா, என் பேர்லயே இன்னொருத்தன் இருக்கான் போல. பாவம், காட்டுக்குப் போறான்." இரண்டாவது கடிதத்தில் பிறந்த தேதியும் இருந்தது. சிரிப்பு நின்றது. மூன்றாவது கடிதம், பதினைந்து நாளாகப் பணியில் சேராத அறுநூற்றுப் பன்னிரண்டிடம் விளக்கம் கேட்டது. சார் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அக்கா தன் மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அன்று அவர் சீவிய பென்சில்கள் ஏழு. பேச்சு அத்தனை நீளம். சார் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"நான் டியூட்டி ஆபீசர் பேசறேன்."

"யாரு சார், பதினாலா, அறுநூத்துப் பன்னெண்டா?"

"ரெண்டும் நான்தான்யா!"

"ஓ, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. அறுநூத்துப் பன்னெண்டை உடனே கிளப்பி விடுங்க சார். அங்க ஆள் இல்லாம கத்தறாங்க."

"அப்படி ஒரு ஆளே இல்லைங்கறேன்!"

"நீங்க இல்லைங்கறீங்க. ரெக்கார்டு இருக்குங்குது. நான் யாரை நம்பறது? சரி, நீங்கதான் அசல்னு ஏதாவது சான்று இருக்கா?"

"நான்தான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேனே!"

"அவரும் பேசுவாரே சார்."

சார் தன் சான்றிதழ்களை எல்லாம் உறையில் போட்டுக்கொண்டு நேரில் போனார். எல்லாம் அசல். அங்கே மேசையில் இருந்தவர் ஒவ்வொரு எண்ணாகத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு. ஆனா இதே எண்தான் அவருக்கும் இருக்கு. எதுக்கும் அவரையும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்திப் பாத்துடலாம்" என்றார். சார் திரும்பிவந்தபோது உறையை மார்போடு அணைத்திருந்தார். யாராவது அதையும் நகல் எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

அடுத்த வாரம் உச்சம். அறுநூற்றுப் பன்னிரண்டு பணிக்கு வராதது குறித்து ஒழுங்கு நடவடிக்கை. சொந்த டிப்போவின் டியூட்டி ஆபீசரே விசாரணை அதிகாரி என்பது விதி. ஆகவே எண் பதினாலு, எண் அறுநூற்றுப் பன்னிரண்டை விசாரித்து, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அறிக்கை தர வேண்டும். அக்காவின் கடைசித் தேதியான அந்த வெள்ளிக்கிழமைதான்.

கேபினுக்கு வெளியே விசில் குரல் கொடுத்தார்: "சார், விசாரணைக்கு நாற்காலி ஒண்ணு போதுமா, ரெண்டு போடட்டுமா?"

புதன்கிழமை காலை சார் கேபினைவிட்டு வெளியே வந்து, அக்காவின் மேசை முன்னால் நின்றார். அவர் அங்கே வந்து நின்றது பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை.

"ஏம்மா, இது உன் வேலையா?"

அக்கா கைப்பையைத் திறந்தார். மெமோவை எடுத்தார். மடிப்பைப் பிரித்து மேசைமேல் வைத்துத் தடவினார்.

"சொந்த மூளையைப் பயன்படுத்த வேண்டாம்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க. என்கிட்ட ஏது மூளை?"

சார் அதைப் படித்தார். கையெழுத்து அவருடையதுதான். அசல்.

"சரி, சரி. அந்த இன்னொருத்தனை எடுத்துடு."

"எடுக்கலாம் சார். ஆனா நிதானமா எடுக்கணும். ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. எண்ணு ஒண்ணுதான் வித்தியாசம். எண்ணைப் பாக்காம எடுத்தா வம்பாயிடும். லீவு முடிஞ்சு வந்து எடுத்துத் தர்றேன்."

"எந்த லீவு?"

அக்கா நான்காவது பாரத்தை நீட்டினார். இந்த முறை பதிலாள் கட்டம் காலியாக இல்லை. அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'எண் 612.'

"ஆள் இல்லைன்னு சொன்னீங்களே சார். இப்ப ஒருத்தர் சும்மாதானே இருக்கார்?"

அந்தக் கட்டத்தைச் சார் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே ஏதோ ஒரு வண்டி இன்ஜினைக் கிளப்ப, டீ கிளாஸ் மேசையின் விளிம்புவரை நகர்ந்து நின்றது. அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து பத்து நாள்.

"கம்ப்யூட்டர்ல கை மட்டும் வைக்காதீங்க சார்" என்று அக்கா போகும்போது சொன்னார். ரொம்ப அக்கறையாகவே சொன்னார். 'வைக்காதே' என்றால் வைப்பவர் என்று பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் அவருக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் கெட்ட எண்ணம் படைத்தவர்கள். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சார் தலைமை அலுவலகத்தில் அவகாசம் கேட்டார். எங்கள் கம்ப்யூட்டர் ஆள் லீவில் இருக்கிறார் என்றார்.

"கம்ப்யூட்டர் ஆளா? சார், இதே அட்டவணை வேலைக்குத்தானே உங்களுக்குக் கேடயம் குடுத்தோம்? நானே போட்டோ எடுத்தேன். தன்னடக்கம் எதுக்கு சார், நீங்களே ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுங்க."

கேடயம் அவரைப் பார்த்தது. அவர் கேடயத்தைப் பார்த்தார். 'எனக்குத் தெரியாது' என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். அதைச் சொல்வதற்குக் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பேனா விழுந்த அந்தப் பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்தார். முதல் மணி நேரத்துக் குறிப்பில் 'டெலிட்' இருந்தது. எண்ணை வைத்துத்தான் அழிக்க வேண்டும் என்பது இரண்டாவது மணி நேரத்துப் பாடம். அந்தப் பக்கத்தில் பேனா இழுபட்டுப்போன ஒரு கோடு மட்டும் இருந்தது. ஆகவே தன் பெயரைப் போட்டார். என் பெயரை வைத்துக்கொண்டு இன்னொருத்தன் இருந்தால் அவன் போலிதானே, அவன் போகட்டும் என்பது அவருடைய தர்க்கம். முன்யோசனையாக ஓர் அடிப்பிரதி எடுத்து வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அசல் இருக்கும்போது நகல் எதற்கு?

என்டரை விரலால் தட்டினார். 'இரண்டு வரிசைகள் நீக்கப்பட்டன' என்றது திரை.

அதே நேரம் பதிவு அலுவலகத்தில் நகலக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நீலச் சேலை. பக்கத்தில் மெக்கானிக், புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல். சாட்சிக்கு நாத்தனார். "ஆபீஸ்காரன் விட்டுட்டானா உன்னை?" என்று கேட்டபடியேதான் அவரும் கையெழுத்துப் போட்டார். பதிவாளர் முத்திரையை ஊதி, சான்றிதழை நீட்டினார்.

"நகல் எத்தனை வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். அசல் போதும்" என்றார் அக்கா. சான்றிதழை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் போன் அடித்தது. விசில்.

"அக்கா, வாழ்த்துக்கள்! அப்புறம், சாரைக் காணோம்."

"எங்க போனார்?"

"எங்கயும் போகலை, கேபின்லதான் உக்காந்திருக்கார். ஆனா இல்லை. கதவு மிஷின்ல கார்டு காட்டினா அப்படி யாரும் இல்லைங்குது. தலைமை ஆபீசுக்குப் போன் பண்ணினா, அந்த டிப்போல டியூட்டி ஆபீசரே கிடையாது, நீங்க யாரு பேசறதுங்கறான். இப்ப லீவு பாரம் நீட்டினேன்க்கா, சும்மா, ஆசைக்கு. கையெழுத்துப் போட வர்றார். 'சார், இல்லாத ஆள் கையெழுத்து செல்லாது'ன்னு பாரத்தைத் திருப்பி வாங்கிட்டேன். இருங்க, போனைப் பிடுங்கறார், பிடுங்கறார்..."

சாரின் குரல் வந்தது. நாலு நாள் பட்டினி கிடந்ததுபோல மெலிந்திருந்தது.

"ஏம்மா... நான் இல்லைங்கறாங்கம்மா."

"என்ன சார் சொல்றீங்க, ஆள் இல்லையா?" என்றார் அக்கா. அந்த இரண்டு வார்த்தைகளையும், வெல்லக்கட்டியை ஒதுக்கிச் சுவைப்பதுபோல, வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் வெளியே விட்டார்.

"ரெண்டும் போயிடுச்சும்மா. எப்படியாவது திருப்பிக் கொண்டுவந்துடு."

"அசல் போயிடுச்சு சார். இனிமே வராது." சான்றிதழைக் கசங்காமல் மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் முன்னாடியே எடுத்து வச்ச நகல் ஒண்ணு இருக்கு. நகல்தான். பரவாயில்லையா?"

போனில் டிப்போ மாடிக்குக் கீழே ஓர் இன்ஜின் உறுமுவது கேட்டது.

"...பரவாயில்லைம்மா. எப்ப வர்றே?"

"லீவு முடிஞ்சுதான் சார். அதுவும் மாற்றல் கேட்டு எழுதிக் குடுக்க. மாப்பிள்ளைக்கு வேற ஊர்ல வேலை. போறதுக்கு முன்னாடி உங்களை மறுபடி உள்ள போட்டுட்டுத்தான் போவேன், கவலைப்படாதீங்க."

"அதுவரைக்கும் நான் என்னம்மா பண்றது?"

"இருபத்தாறு வருஷம் சர்வீஸ்ல இருந்த ஆளு சார் நீங்க. இன்னொரு எட்டு நாள் பொறுக்க மாட்டீங்களா? அப்படி என்ன அவசரம்?"

போனை வைத்தார். மெக்கானிக் லிப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாரு போன்ல?"

"யாரும் இல்லைங்க" என்றபடி அக்கா உள்ளே ஏறினார்.